சுவர் கேட்ட சங்கம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலூர் சத்துவாச்சாரியில் நண்பர் ஒருவருடைய வீட்டு மொட்டைமாடியில் நாங்கள் ஏழு பேர் கூடினோம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்படி ஒரு சங்கத்தைப் பதிவு செய்யக் குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்பதால், ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் டிசைனராக இருக்கும் ஒருவரைக் கெஞ்சிக் கூத்தாடி ஏழாவது ஆளாக அழைத்து வந்திருந்தோம். இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டில், உருவமில்லாத ஓவியம் வரைகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்குவதே நோக்கம். சங்கத்தின் பெயர், முகவரி, ஆண்டுச் சந்தா ஆகிய மூன்றும் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டன. நான்காவது விதியில், உறுப்பினராவதற்கான தகுதி என்ற இடத்தில், இரவு பத்து மணி வரை நின்றுவிட்டோம்.

எங்களில் மூத்தவர், பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பாலாற்று மணலின் வரிகளையே முப்பது ஆண்டுகளாக, பார்ப்பவருக்கு அது மணல் என்று தெரியாதபடி, வரைந்து வருபவர். இளையவன் கட்டடக்கலை படித்தவன். வட்டத்தையும் நேர்கோட்டையும் தவிர வேறெதையும் தொடாதவன். “மணலைப் பாத்துத்தானே சார் வரையறீங்க, அப்புறம் அது எப்படி அரூபம் ஆகும்?” என்று அவன் கேட்டான். “ஏம்பா, நீ போடற வட்டம் மட்டும் வானத்துலருந்து குதிச்சதா? உங்கம்மா வாசல்ல போடற புள்ளிக்கோலத்துலருந்து வந்ததுதானே?” என்று அவர் திருப்பிக் கேட்டார். இருவரும் கடைசிவரை இறங்கி வரவில்லை.

சைவத்தில் இந்தச் சிக்கலுக்கு ஒரு பழைய ஏற்பாடு உண்டு. இறைவனின் நிலைகளை உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்றாக வகுத்து, லிங்கத்தை மூன்றாவதில் வைத்தார்கள். மணல் மாஸ்டரை அருவுருவத்திலும் வட்டக்காரனை அருவத்திலும் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நான் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஆனால் வேலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் 1981 வரை மூலவர் இல்லை. ‘சாமி இல்லாத கோயில்’ என்று ஊரே சொல்லிவந்தது. கல்யாண மண்டபத்துத் தூண்கள் முழுக்க யாளியும் குதிரையும் உருவங்களாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்க, கருவறை மட்டும் வெறுமையாக இருந்த காலத்தில் என் அப்பா என்னை அங்கே கூட்டிப் போயிருக்கிறார். அந்த லிங்கம் அதுவரை இருந்தது நாங்கள் உட்கார்ந்து சண்டை போட்ட இதே சத்துவாச்சாரியில்தான்.

அன்றிரவு வீடு திரும்பும்போது, இதே நான்காவது விதியில் நியூயார்க்கில் சிலர் மாட்டிக்கொண்டதும், அதை அவர்கள் கடந்த விதமும் நினைவுக்கு வந்தன. அமெரிக்கன் ஆப்ஸ்ட்ராக்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்ற அந்தச் சங்கம் 1936இல் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது.

அன்றைய நியூயார்க்கில் அரூப ஓவியம் வரைந்த அமெரிக்கனுக்கு இரண்டு பக்கமும் இடி. ஒரு பக்கம், கிராமத்து வாழ்வையும் வயல்வெளியையும் வரைவதே அமெரிக்கக் கலை என்றவர்கள். இன்னொரு பக்கம், பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வேலையற்றவர்களின் வரிசையை வரையாமல் சதுரம் போட்டுக்கொண்டிருப்பது குற்றம் என்ற இடதுசாரிகள். 1929இல் திறக்கப்பட்ட நவீனக் கலை அருங்காட்சியகம் 1936இல், பொருளைத் துண்டு துண்டான வடிவங்களாக உடைத்து வரையும் கியூபிசத்துக்கும் அரூபக் கலைக்கும் பெரிய கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதற்காகக் கப்பலில் வந்த சிற்பங்களில் பத்தொன்பதை, அவை கலையே அல்ல என்று சொல்லிச் சுங்கத்துறை நிறுத்தி வைத்தது தனிக் கூத்து. அந்தக் கண்காட்சி ஏறக்குறைய முழுவதும் ஐரோப்பியர்களுடையது. அமெரிக்கர் என்று சொல்ல அலெக்சாண்டர் கால்டரும் மேன் ரேயும் இருந்தார்கள். அதே நகரத்தில், நடந்து போகும் தூரத்தில் அரூபம் வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு அங்கே ஒரு முழம் சுவர்கூடக் கிடைக்கவில்லை. சங்கம் பிறந்தது இந்தக் கோபத்தில்தான் என்பது என் எண்ணம். கொள்கை எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

1936இன் தொடக்கத்தில் ரோசலிண்ட் பெங்கெல்ஸ்டார்ஃப் என்ற இளம் ஓவியரின் ஸ்டூடியோவில் நால்வர் கூடினார்கள்: அவர், பைரன் பிரவுன், ஆல்பர்ட் ஸ்விண்டன், சிற்பி இப்ராம் லாசா. பிறகு கூட்டம் பெருத்து, ஹாரி ஹோல்ட்ஸ்மன் வாடகைக்கு எடுத்திருந்த மாடிக்கூடத்துக்கு மாறியது. அங்கேதான் தகராறு. ஹோல்ட்ஸ்மனுக்குச் சேர்ந்து வேலை செய்யவும் கற்கவும் ஒரு பட்டறை வேண்டும். மற்றவர்களுக்குக் கண்காட்சி வேண்டும். அர்ஷைல் கார்க்கியும் வில்லெம் டி கூனிங்கும் ஆரம்பக் கூட்டங்களுக்கு வந்தார்கள். கார்க்கிக்கு எங்கே போனாலும் தானே வாத்தியாராக இருந்தாக வேண்டும். மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுக்காத குறையாகப் பேசி, யாரும் மசியவில்லை என்றதும் வெளியேறிவிட்டார். டி கூனிங்கும் கடைசிவரை உறுப்பினராகவில்லை. இந்த இருவரும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்கள் என்பதை நினைக்கும்போது, எங்கள் மொட்டைமாடிக்கு அழைத்தும் வராத இரண்டு பேரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கிறது.

நவம்பரில் ஸ்விண்டனின் ஸ்டூடியோவில் சங்கம் முறையாக அமைந்தது. 1937 ஜனவரியில் நோக்க அறிக்கை வெளியானது. எனக்கு அந்த அறிக்கையின் மேல் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் அதன் சாமர்த்தியம் அது சொல்லாமல் விட்டதில் இருக்கிறது. அமெரிக்காவில் வாழும் அரூபக் கலைஞர்களை ஒன்றுசேர்ப்பது, அவர்களுடைய படைப்புகளைப் பொதுமக்கள் முன் வைப்பது, அதைப் பார்க்கும் பழக்கத்தை வளர்ப்பது என்று வேலைகளைத் தெளிவாகச் சொன்னார்கள். யதார்த்தச் சித்திரிப்பும், கனவுபோன்ற காட்சிகளை வரையும் சர்ரியலிசமும் தங்களுடையவை அல்ல என்று வேலியும் போட்டார்கள். அரூபம் என்ற சொல்லுக்கு மட்டும் தாராளமாகப் பொருள் கொள்வோம் என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். அக்காலத்துக் கலைக்குழுக்கள் கொள்கைப் பிரகடனத்தை முதலில் எழுதி, அடுத்த ஆண்டே அதன் ஒரு வரிக்காக உடைந்து போயின. இவர்கள் வரையறையை வேண்டுமென்றே தளர்த்தி வைத்ததால், பொருளைப் பார்த்து அதைச் சுருக்கி வரைந்தவரும், கோட்டையும் நிறத்தையும் தவிர எதையும் ஏற்காதவரும் ஒரே சந்தாப் புத்தகத்தில் இருக்க முடிந்தது.

முதல் கண்காட்சி 1937 ஏப்ரலில், ஐந்தாம் அவென்யூவில் ஸ்க்விப் என்ற மருந்து நிறுவனத்தின் கட்டடத்திலிருந்த காட்சிக்கூடத்தில் இரண்டு வாரம் நடந்தது. 39 பேர் பங்கேற்றார்கள். 1,500 பேருக்கு மேல் வந்து பார்த்தார்கள். அச்சிட்ட பட்டியலுக்குப் பணம் செலவழிப்பதற்குப் பதிலாக, முப்பது பேர் ஆளுக்கொரு லித்தோகிராஃப் (கல்லச்சுப் படம்) வரைந்து, அவற்றை ஒரு கட்டாகச் சேர்த்து 50 சென்ட்டுக்கு விற்றார்கள். இன்று அருங்காட்சியகங்கள் பத்திரப்படுத்தி வைத்திருக்கும் அந்தக் கட்டு அன்று விற்ற விலை, முப்பது பேரின் வேலைக்குச் சேர்த்து அரை டாலர். நாளிதழ் விமர்சகர்கள் வழக்கப்படி உதட்டைப் பிதுக்கினார்கள்: ஐரோப்பாவின் நகல், உயிரில்லாத அலங்காரம். அடுத்த ஆண்டு சங்கமே ஓர் ஆண்டுமலரை வெளியிட்டு, விமர்சகர்களை நம்பாமல், ஓவியர்களையே கட்டுரை எழுத வைத்தது.

உறுப்பினர்களிடையே வசதி ஏற்றத்தாழ்வு கடுமையாக இருந்தது. ஒரு முனையில் ஏ. இ. கல்லட்டின், தன் சொந்தச் சேகரிப்பை 1927 முதல் நியூயார்க் பல்கலைக்கழகக் கட்டடத்தில் மக்கள் இலவசமாகப் பார்க்க வைத்திருந்த செல்வந்தர். பிக்காசோவின் படங்களையும், நேர்கோடும் கட்டமுமாக வரைந்த டச்சு ஓவியர் மோண்ட்ரியானின் படங்களையும் ஏழை ஓவியர்கள் நேரில் பார்த்தது பெரும்பாலும் அந்த அறையில்தான். அவரையும் ஜார்ஜ் மோரிஸ், சூசி ஃப்ரெலிங்ஹைசன், சார்ல்ஸ் ஷா ஆகியோரையும், அவர்கள் வசித்த பகுதியை வைத்துப் ‘பார்க் அவென்யூ கியூபிஸ்டுகள்’ என்று அழைத்தார்கள். அதில் பொறாமையும் கொஞ்சம் கலந்திருந்திருக்கும். மறுமுனையில், அரசின் வேலைநிவாரணத் திட்டத்தில் வாரத்துக்கு ஏறத்தாழ 24 டாலர் சம்பளத்தில் பிழைத்தவர்கள்.

அந்த நிவாரணத் திட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அரூப ஓவியத்துக்கு அங்கே உண்மையான சுவரே கிடைத்தது. நியூயார்க்கில் சுவரோவியப் பிரிவின் பொறுப்பில் இருந்த பர்கோய்ன் டில்லர் தானும் அரூப ஓவியர், சங்கத்தவர். புரூக்ளினில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த வில்லியம்ஸ்பர்க் குடியிருப்பின் பொதுக்கூடங்களில் உருவமில்லாத சுவரோவியங்களை வரைய அவர் ஏற்பாடு செய்தார். உழைப்பாளர்களின் குடியிருப்பு என்றால் உழைப்பை வரைவதுதான் வழக்கம். நாள் முழுக்கத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வருகிறவன் ஓய்வு நேரத்திலும் சுவரில் தொழிற்சாலையையே பார்க்க வேண்டுமா என்பது டில்லர் தரப்பின் வாதம். இலியா போலட்டோவ்ஸ்கி, பால் கெல்பி, பால்கம் கிரீன், ஸ்விண்டன் ஆகியோர் வரைந்தார்கள். காலப்போக்கில் அந்தக் கூடங்களில் சுண்ணாம்பும் பெயிண்டும் ஏறி ஓவியங்கள் மறைந்தன. அவை இருந்ததையே குடியிருப்போர் மறந்தார்கள். 1980களில் தேடிக் கண்டுபிடித்து, மேல்பூச்சைப் பொறுமையாக நீக்கி, புரூக்ளின் அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

என் அப்பா லாங்பஜார் பகுதியில் போர்டு எழுதியவர். கடைப்பலகை, சுவர் விளம்பரம், தேர்தல் வந்தால் இரு கட்சிகளின் சின்னங்கள் என்று எனாமல் பெயிண்டில் ஓடிய வாழ்க்கை. தேர்தல் முடிந்த மறுநாள் தான் எழுதிய சுவரின் மேல் தானே வெள்ளையடிக்கும் கூலியையும் வாங்கிக்கொள்வார். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு எழுதவும் ஆள் வேண்டாம், அழிக்கவும் ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. வில்லியம்ஸ்பர்க் சுவர்களைப் பற்றி முதன்முதலில் படித்தபோது, அதை வரைந்தவர்களைக் காட்டிலும், அதன்மேல் அறியாமல் பெயிண்ட் அடித்த அந்தத் தொழிலாளியைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன்.

சங்கத்தின் வரலாற்றில் எல்லோரும் எடுத்துச் சொல்லும் நாள் 1940 ஏப்ரல் 15. அன்று உறுப்பினர்கள் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் வாசலில் நின்று, அந்த அருங்காட்சியகம் எவ்வளவு நவீனமானது என்று தலைப்பிலேயே கேட்கும் துண்டறிக்கையை விநியோகித்தார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் அங்கே இத்தாலியப் பழைய ஓவியங்கள் காட்டப்பட்டிருந்தன. செத்துப்போன நூற்றாண்டுகளுக்கு இருக்கும் இடம் உயிரோடிருக்கும் அமெரிக்க அரூபக்காரனுக்கு ஏன் இல்லை என்பதுதான் கேள்வியின் சாரம். துண்டறிக்கையை வடிவமைத்தவர் ஆட் ரைன்ஹார்ட். பத்திரிகைகளுக்குக் கேலிச்சித்திரமும் படமும் வரைந்து பிழைத்தவர். பிற்காலத்தில், கண் பழகும்வரை வெறும் கறுப்பாகவே தெரியும் ஓவியங்களை வரைந்தவர். பலவகை எழுத்துருக்களைப் பெரிதும் சிறிதுமாகக் கலந்து அச்சடித்த அந்தத் தாளின் படத்தை அப்பாவிடம் காட்டியிருந்தால், அதில் சொல்லியிருப்பதை விட்டுவிட்டு எழுத்தின் கைவண்ணத்தைத்தான் பேசியிருப்பார். அதே ஆண்டு விமர்சகர்களையும் விடவில்லை. நாளிதழ்களில் அவர்கள் எழுதியவற்றையே எடுத்து அடுக்கி, முன்னுக்குப்பின் முரணாக எழுதியதை அம்பலப்படுத்தும் சிற்றேடு ஒன்றைச் சங்கம் வெளியிட்டது.

அதே 1940 அக்டோபரில் மோண்ட்ரியான் போருக்குத் தப்பி லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார். பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவியவர், பட்டறை வேண்டும் என்று முன்பு முரண்டு பிடித்த அதே ஹோல்ட்ஸ்மன். ஐரோப்பாவின் நகல் என்று இவர்களை ஏசிக்கொண்டிருந்த ஊரில், அந்த ஐரோப்பாவே நேரில் வந்து இவர்களுடைய சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தது. அறுபத்தெட்டு வயதில் அந்த மனிதர் பூகி-வூகி இசைக்கு நடனமாடக் கிளம்பினார். அவரோடு ஆடியவர்களில் சங்கத்து உறுப்பினர் லீ கிராஸ்னரும் ஒருவர். மோண்ட்ரியான் 1944 பிப்ரவரியில் நிமோனியாவால் இறந்தார். நியூயார்க்கில் இருந்தது மூன்றரை ஆண்டுகூட இல்லை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் உலகம் அதை ஆப்ஸ்ட்ராக்ட் எக்ஸ்பிரஷனிசம் என்ற வேறொரு பெயரில் நன்றாக அறியும். போருக்குப் பின், பெரிய கேன்வாஸில் பெயிண்டை வீசியும் சிந்தியும் வரைந்த தலைமுறை வந்தது, சுவர்கள் திறந்தன, பணம் வந்தது, அமெரிக்க அரூபம் என்றால் அவர்கள்தான் என்றானது. பத்தாண்டுகளுக்கு மேல் வாசலில் நின்று கதவைத் தட்டியவர்கள், கதவு திறந்தபோது பழைய ஆட்களாகியிருந்தார்கள். சங்கத்தின் முதல் தலைவரான பால்கம் கிரீனே 1940களில் மனித உருவத்துக்குத் திரும்பிவிட்டார்.

ஆனாலும் சங்கம் கலையவில்லை. காரணம் என்று எனக்குப் படுவது பெரும்பாலும் பெண்கள் செய்த குமாஸ்தா வேலை. ஆலிஸ் டிரம்புல் மேசன் பொருளாளர், செயலாளர், தலைவர் என்று எல்லாப் பொறுப்புகளையும் ஏற்றவர். எஸ்ஃபிர் ஸ்லொபோட்கினா நிறுவன உறுப்பினர், பின்னாளில் தலைவர். நம் குழந்தைகளும் பள்ளியில் கேட்டிருக்கும் தொப்பி வியாபாரியும் குரங்குகளும் கதையை 1940இல் படப்புத்தகமாக்கியவர் இவர்தான். அந்தப் புத்தகம் வழியாகத்தான் எனக்கு இந்தச் சங்கமே அறிமுகமாயிற்று. மோண்ட்ரியானிடம் பழகி, பிறகு தாந்திரிக வடிவங்களுக்கும் திபெத்திய மண்டலங்களுக்கும் நகர்ந்த சார்மியன் வான் வீகண்டும் தலைவராக இருந்தார். கூட்டத்துக்குக் கடிதம் போடுவது, வாடகையைப் பிரித்து வசூலிப்பது, படங்களை ஏற்றி இறக்குவது ஆகியவற்றை யாராவது ஒருவர் தொடர்ந்து செய்துவந்தால், பாணி மாறினாலும் சங்கம் நிற்கிறது. கார்க்கியால் இந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

அமெரிக்கா வரை போவானேன் என்று மணல் மாஸ்டர் கேட்பார். நியாயம்தான். சென்னையில் கே. சி. எஸ். பணிக்கர் முன்னின்று 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் அவருடைய மாணவர்களும் நண்பர்களும் பாட்டிக் துணி வரைந்து விற்ற பணத்தில் நிலம் வாங்கி, 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலத்தை அமைத்தார்கள். அவர்கள் சுவரோடு நிற்காமல் மனையே கேட்டார்கள். எழுத்தையும் கட்டத்தையும் ஜாதகக் குறிகளையும் போலத் தோன்றும், ஆனால் படிக்க முடியாத பணிக்கரின் ஓவியங்கள் அருவமா அருவுருவமா என்று இன்றும் பேசலாம். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த ஏ. பி. சந்தானராஜ் திருவண்ணாமலைக்காரர், அந்த ஊர் 1989 வரை வட ஆற்காட்டில்தான் இருந்தது. ஆகவே எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் கதையில் பங்கில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கூடினோம். நான்காவது விதியை நானே எழுதிக் கொண்டுபோயிருந்தேன்: அரூபம் என்ற சொல்லுக்குச் சங்கம் தாராளமாகப் பொருள் கொள்ளும். வட்டக்காரன் இரண்டு முறை படித்துவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையே, அண்ணா” என்றான். மணல் மாஸ்டர், “அதனாலதாம்பா நான் கையெழுத்துப் போடறேன்” என்று பேனாவை வாங்கிக்கொண்டார். அதுவரை வாயே திறக்காத ஆம்பூர்க்காரர், தன் மாமனாரின் கல்யாண மண்டபம் ஆடி மாதம் முழுவதும் காலியாகத்தான் கிடக்கும் என்றும், சாப்பாட்டுக் கூடத்தின் ஒரு பக்கச் சுவர் அறுபது அடி நீளம் என்றும் சொன்னார். மாமனார் போட்டிருக்கும் ஒரே நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. மேலே ஓடும் சீரியல் பல்புக் கம்பியில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் எத்தனை கிலோ தாங்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம்.